இரவு பத்து மணித் தெரு

திபிலிசியில் மூன்று வாரம் தங்க வேண்டும்.
முதல் இரவு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதி.
கதவில் தாழ்ப்பாள் இருந்தது.
நிலையில்தான் அதற்கு ஓட்டை இல்லை.
நாற்காலியை முட்டுக்கொடுத்து,
நாற்காலிமேல் பெட்டி,
பெட்டிமேல் கண்ணாடித் தம்ளர்.
விழுந்தால் கேட்கும்.
விழவில்லை. நானும் தூங்கவில்லை.

காலையில் வரைபடத்தை விரித்தால்
எல்லாப் பேட்டையும் ஒரே வெளிர்மஞ்சள்.

டாக்சிக்காரர் மல்காஸ் சொன்னார்:
வேராவுக்குப் போ. நல்ல காப்பி, நல்ல மனிதர்கள்.
அவ்லபாரி மட்டும் வேண்டாம்.
ஏன் என்றேன்.
அவர் பிறந்தது அங்கேதானாம்.

சொலொலாகியில் மரத்தில் பூவேலை செய்த பால்கனி.
மூன்றாம் மாடிக்குப் போகும் வழியில் ஒரு படியைக் காணோம்.
வீட்டுக்காரி எதேரி பாவாடையை ஒரு கையால் சுருட்டிக்கொண்டு
அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டு
மேலிருந்து கை நீட்டினாள். பழகிவிடும் என்றாள்.

சபுர்தாலோவில் பதினோராம் மாடி.
காசு போட்டால்தான் லிப்ட் ஏறும்.
நடுராத்திரியில் சில்லறை இல்லாவிட்டால்?
தரகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
நடுராத்திரியில் உங்களுக்கு வெளியே என்ன வேலை?

பகலில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.
பகலில் பார்த்து அறை எடுப்பது
போட்டோவைப் பார்த்துக் கழுத்தை நீட்டுவது மாதிரி.
அதனால் இரவு பத்து மணிக்குத் திரும்பப் போய் நிற்பேன்.
மருந்துக்கடை திறந்திருக்கிறதா.
தெருநாயின் காதில் மஞ்சள் வில்லை இருக்கிறதா.
இருந்தால் ஊசி போட்ட நாய்,
யாரோ அதைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.
எல்லாவற்றுக்கும் மேல்
ஒரு பெண், தனியாக, அவசரமில்லாமல்
நடந்து போகிறாளா.

வேராவில் எல்லோரும் இரண்டிரண்டு பேர்.
சபுர்தாலோவில் ஒருத்தி வந்தாள்,
விரலிடுக்கில் சாவி முனை துருத்திக்கொண்டிருந்தது.
அந்தப் பிடி எனக்குத் தெரியும்.
சொலொலாகியில் பூனைகள்.

மூன்றாம் இரவு, வேண்டாம் என்ற அவ்லபாரி.
பூமிக்கடியிலிருந்து ஏறி ஏறி முடியாத மின்படிக்கட்டு.
வெளியே ரொட்டிக்கடை, அணையப்போகும் அடுப்பு.
அங்கிருந்து ஒருத்தி கிளம்பினாள்,
படகு போல் நீண்ட ரொட்டி இரண்டு அக்குளில்.
நின்றாள். ரொட்டி நுனியைப் பிய்த்து வாயில் போட்டாள்.
நடந்தாள். மறுபடி நின்று
மூடிய பூக்கடையின் விலைப்பட்டியலைப் படித்தாள்.
இதுதான், என்றது மனம்.
இவ்வளவு சாவகாசமாக ஒருத்தி நடக்கிற தெரு.
இருபதடி பின்னால்
அவள் நடையையே கடன் வாங்கி நடந்தேன்.

தெருமுக்கில் அவள் திரும்பி நின்றாள்.
நானும் நின்றேன்.
நடுவில் ஒரு நாய், மஞ்சள் வில்லையோடு,
இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள்:
இந்த முக்கில் மார்ச்சிலிருந்து விளக்கில்லை.
யாராவது வரும்வரை
தினமும் இப்படித்தான் மெதுவாக வருவேன்.
இன்றைக்கு நீங்கள்.
பயமில்லாமல் நடந்து வந்தீர்கள்,
அப்படியானால் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு ஏனென்று புரியவில்லை.
பெயர் ஷுஷானிக். கண் ஆஸ்பத்திரியில் கோப்பு அடுக்குகிறாள்.
ரொட்டியின் இன்னொரு நுனி எனக்கு.
வாயில் சூட்டோடு இருட்டைக் கடந்தோம்.
முப்பத்தொரு அடி. எண்ணினேன்.

அந்தத் தெருவிலேயே அறை எடுத்தேன்.
தாழ்ப்பாள் சரியாக விழுந்தது. குழாயில் வெந்நீர் வரவில்லை.
மல்காஸிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டு
எந்த வீடு, எந்த வீடு என்று கேட்டார்.

பத்து மணிக்கு ரொட்டிக்கடை வாசலில் நிற்பேன்.
முதல் வாரம் எதுவும் வாங்காமல்.
பிறகு நானும் ஒரு ரொட்டி.
விளக்கு கடைசிவரை எரியவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு
மின்படிக்கட்டு வாசலில் ஒரு பெண்,
முதுகில் பை, முகத்தில் கைபேசி வெளிச்சம்,
தெருவையும் எங்களையும் பார்த்தபடி நின்றிருந்தாள்.

ஷுஷானிக் என் முழங்கையைத் தொட்டாள்.
நடையைக் குறைத்தோம்.